நட்சத்திரம் போடாத ரிப்போர்ட்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை இருக்கும். லேபில் நானும் பில் போடும் பெண்ணும் மட்டும்தான். கடைசியாக ஓட்டிய 11 சாம்பிளின் ரிசல்ட் திரையில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. நாகலூர் ஆயாவுக்கு கிரியேட்டினின் 1.1. ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது; எண் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று சந்தேகம். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம். நாகலூர் ஏற்காட்டு மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். ஆட்களை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

எங்கள் ரிப்போர்ட்டில் பெண்களுக்கு 0.5 முதல் 1.1 வரை நார்மல் என்று அச்சாகும். ஆயாவின் எண் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கிறது, தாண்டவில்லை. தாண்டினால்தான் கம்ப்யூட்டர் எழுத்தைத் தடிமனாக்கிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும். நட்சத்திரம் இல்லாத ரிப்போர்ட் பிடிஎஃப் ஆகி நேராக வாட்ஸ்அப்பில் போய்விடும். ஆயாவுக்குப் பதிவான எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. இரண்டே நிமிடத்தில் அவரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. அவர் வரையில் விஷயம் முடிந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்று மாதம் முன்பு இதே ஆயா வந்திருந்தது நினைவிருந்தது. "காப்பிப்பழம் பறிச்ச கை கண்ணு, நரம்பு சிக்காது, மெதுவா தேடு" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டியவர். நோட்டைப் புரட்டினேன். அன்றைக்கு 0.6.

0.6-ம் நார்மல், 1.1-ம் நார்மல். ஆனால் ஒரே உடம்பில் மூன்று மாதத்தில் அது இதுவானால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆயாவுக்கு 66 வயது. வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் வடிகட்டும் அளவு 99 மில்லி இருந்தது 55-க்கு வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் எண்ணை ஊர் உலகத்து எண்ணோடு ஒப்பிடுகிறது. ஆயாவை ஆயாவோடு ஒப்பிட அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய லேப்களில் அதற்கும் மென்பொருள் உண்டு, 'டெல்டா செக்' என்பார்கள். எங்களிடம் இருப்பது நீளவாக்கு நோட்டும் என் ஞாபகமும்.

மலை டாக்டருக்கு போன் போட்டேன்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டில் 40 வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறார். எஸ்டேட் ஆட்கள், மலையாளி பழங்குடி மக்கள், ஸ்கூல் வாத்தியார்கள் எல்லோருக்கும் அவர்தான். நான் சேலம் கோரிமேட்டுப் பக்கம் இந்த லேபில் சேர்ந்து 17 வருடம் ஆகிறது. மலையிலிருந்து இறங்கும் வழியில் இருப்பதால் மேலே எடுக்கிற சாம்பிள் பாதி எங்களிடம்தான் வரும். சேர்ந்த புதிதில் அவரிடம் போனில் பேசவே பயமாக இருக்கும். எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "முன்னாடி எவ்ளோ இருந்துச்சு?" தெரியாது சார் என்றால், "பாத்துட்டுக் கூப்பிடும்மா" என்று வைத்துவிடுவார். அந்தக் கோபத்தில்தான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். இப்போது நாலாவது நோட்டு.

அன்றைக்கு அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "சார், நாகலூர் ஆயா. போன தடவை பாயிண்ட் ஆறு, இப்ப ஒண்ணு புள்ளி ஒண்ணு. சாம்பிள் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு தடவை ஓட்டிட்டேன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கறி கிறி தின்னுட்டு வந்துச்சா?" என்று கேட்டார். சமைத்த இறைச்சி சாப்பிட்டால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், அதற்காகக் கேட்டது. வெறும் வயிற்றில் காலையிலேயே எடுத்தது சார் என்றேன். "சரி, நான் பாக்கறேன்."

எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். ஆயாவின் பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து மாத்திரை டப்பாவையே போனில் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், மலை ஊர்களுக்கு உண்மையிலேயே பெரிய உபகாரம். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை டாக்டரே எழுதியது. மூன்றாவதாக, முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக், காலை ஒன்று ராத்திரி ஒன்று, 20 நாளாக. சில வகை பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நசுங்கிவிடும். ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

மாத்திரை கொண்டுவரும் அம்மாவுக்குப் பிரஷர் தெரியும். மெடிக்கல்காரருக்கு முட்டி தெரியும். எனக்கு எண் தெரியும். மகனுக்குப் பிடிஎஃப் தெரியும். நாலையும் ஒரே இடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய ஆள் மலைமேல் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை.

எண் மிகவும் மோசமாக இருந்தால் அதற்கு முறை உண்டு. 1972-இல் ஜார்ஜ் லண்ட்பெர்க் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், உயிருக்கு ஆபத்தான ரிசல்ட் வந்தால் லேப் காரர் காகிதம் அச்சாகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எழுதினார். அதைத்தான் இன்றைக்கும் நாங்கள் 'பேனிக் வேல்யூ' என்கிறோம். லேப்களுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ 15189 தரத்திலும் அது கட்டாயம். யாருக்குச் சொன்னோம், எத்தனை மணிக்கு என்று எழுதியும் வைக்க வேண்டும். ஆயாவின் 1.1 எந்தப் பேனிக் பட்டியலிலும் வராது. இப்படி மெதுவாக நகர்கிற எண்ணுக்கு முறையும் கிடையாது, ரெஜிஸ்டரும் கிடையாது.

போனில் சொல்வதிலும் ஒரு வித்தை இருக்கிறது. அதை அடிபட்டுத்தான் கற்றேன். சில வருடம் முன்பு ஒரு டெங்கு சீசனில், ஒரு கிளினிக் நர்ஸிடம் பிளேட்லெட் "பிஃப்டீன் தௌசண்ட்" என்று சொன்னேன். அவர் "பிஃப்டி" என்று எழுதிக்கொண்டார். பதினைந்தாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் நடுவே ஒரு ஆளே போய்விடலாம். நல்லவேளை, அரைமணி கழித்து ரிப்போர்ட் கைக்குப் போனதும் டாக்டர் பார்த்துவிட்டார். அதிலிருந்து எண்களைத் தமிழில்தான் சொல்கிறேன். பதினைந்தையும் ஐம்பதையும் எவ்வளவு இரைச்சலிலும் யாரும் மாற்றிக் கேட்க மாட்டார்கள். சொன்ன பிறகு "எழுதுனதைத் திருப்பிச் சொல்லுங்க சிஸ்டர்" என்பேன். சிலர் முறைப்பது போனிலேயே தெரியும். முறைக்கட்டும்.

எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, எனக்கு இருக்கும் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு மே மாதம்.

கோடை விழா நேரம். ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே காலையில் எடுத்த ரத்தத்தைக் கலெக்‌ஷன் பையன் பத்திரமாகத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறான். ஒன்றரை மணி நேரத்தில் வரவேண்டியது ஐந்து மணி நேரம் கழித்து வந்தது. ஓட்டினால் ஒருவருக்குப் பொட்டாசியம் 6.9. 5.1-ஐத் தாண்டினாலே நட்சத்திரம். 6.9 என்றால் இதயம் எந்த நிமிடமும் தாளம் தப்பலாம். ரத்த அணு உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், அதனால் சீரத்தின் (ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) நிறத்தைப் பார்த்தேன். உடைந்திருந்தால் இளஞ்சிவப்பாக, கலங்கின பீட்ரூட் தண்ணி மாதிரி இருக்கும். இது தெளிந்த வைக்கோல் மஞ்சள். அப்போ உண்மைதான் என்று முடிவுகட்டி, கை நடுங்க டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அந்தக் குடும்பம் வாடகைக் கார் பிடித்து, அதே நெரிசலில், மனிதரை சேலம் ஜிஹெச்சுக்கு இறக்கியது. இசிஜி நார்மல். அங்கே புதிதாக எடுத்த ரத்தத்தில் 4.3.

ஐஸ்தான் காரணம். சிவப்பணுவுக்குள் பொட்டாசியத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் பம்ப் குளிரில் வேலை செய்யாது. அணு உடையாமலேயே பொட்டாசியம் வெளியே கசியும், நிறம் மாறாது. சீரத்தைப் பிரிக்காமல் முழு ரத்தத்தை ஐஸில் வைத்ததால் வந்த வினை. பையன் நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். நான் படித்தவள், கேட்டிருக்க வேண்டும். டாக்டர் திட்டவில்லை. "இன்னொரு தடவை ஆறு புள்ளி ஒம்பதுன்னு நீ கூப்பிட்டா நான் நம்பறதா வேண்டாமா, நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

இப்போது மேலேயே, டியூபை வேகமாகச் சுற்றிச் சீரத்தைப் பிரிக்கும் ஒரு சின்ன சென்ட்ரிபியூஜ் வாங்கி வைத்திருக்கிறோம். ஜெல் டியூபில் எடுத்து, அரைமணி உறையவிட்டு, அங்கேயே சுற்றி, அப்புறம்தான் பெட்டிக்குள் போகிறது. நானும் போனில் எத்தனை மணிக்கு எடுத்தது, எப்படி வந்தது, எனக்கு நம்பிக்கை எவ்வளவு என்பதை எண்ணோடு சேர்த்தே சொல்கிறேன்.

இவ்வளவு பேசுகிற நான் என் வீட்டில் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 71. சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிறார். முப்பது வருடமாகத் தெருமுனை டாக்டர் ஒருவரிடம்தான் காட்டுவார். சர்க்கரைக்கு கிளிமெபிரைட் 2 மி.கி., காலையில் ஒன்று. போன வருடம் தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள், அதில் குறையில்லை. ஏழாம் நாள் டிஸ்சார்ஜ். நாலு பக்க சம்மரி, ஒரு பை நிறைய மாத்திரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார், தங்கச்சி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஃபைலை நான்தான் வாங்கி, நிலப்பத்திரம் இருக்கும் பீரோ அறையில் வைத்துப் பூட்டினேன். தொலைந்துவிடக் கூடாதாம்!

அப்பா என்ன செய்தார்? புது மாத்திரைகளையும் போட்டார், எப்போதும் போடும் பழைய சர்க்கரை மாத்திரையையும் போட்டார். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லையே என்பது அவர் நியாயம். தெருமுனை டாக்டருக்கு ஆஸ்பத்திரி சமாச்சாரமே தெரியாது, தெரிந்தால்தானே நிறுத்தச் சொல்வார். புதுப் பையில் ஒரு கூட்டு மாத்திரை இருந்தது. வேறு கம்பெனி, வேறு பெயர், வேறு நிற அட்டை. உள்ளே மெட்ஃபார்மினோடு அதே கிளிமெபிரைட் 2 மி.கி.

ஒன்பதாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு அம்மா போன் பண்ணினாள். "அப்பாவுக்கு தெப்பமா வேர்க்குது, என்னை யாருன்னு கேக்கறாரு." அஸ்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் போய்ச் சேரும் வரைக்கும் மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். குளுக்கோமீட்டரில் 46. முழுங்கும் நிலையில் இருந்தார், அதனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினோம். கால்மணியில் கண் தெளிந்து, "எதுக்குடி எல்லாரும் நிக்கறீங்க?" என்றார். அம்மா அழுதுகொண்டே அடித்தாள்.

இந்த மாத்திரைக்கு வேலை நேரம் நீளம். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று எனக்குத் தெரியும், அதனால் விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அன்று முழுக்க வைத்துப் பார்த்தோம். மறுநாள் ஃபைலை எடுத்துக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனேன். அவர் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் கிரியேட்டினின் 1.6 என்று இருந்தது. அவரிடமிருந்த பழைய சீட்டில் 1.1. ஸ்டென்ட் வைக்கும்போது செலுத்தும் சாய மருந்தால்கூட ஏறியிருக்கலாம். ஏறியதால் மாத்திரை உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கியிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நீ லேப்ல வேலை பாக்கற பொண்ணுதானே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த வாக்கியம் இன்னும் காதில் கிடக்கிறது.

அதற்கப்புறம் லேபில் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தேன். பில்லில் 'ரெஃபர் செய்த டாக்டர்' என்று ஒரு கட்டம் இருக்கும். இப்போதெல்லாம் வருகிறவர்களில் நிறையப் பேர் ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜுக்காகத் தாங்களாகவே வருகிறவர்கள். அந்தக் கட்டத்தில் 'செல்ஃப்' என்று அடித்துவிடுவோம். செல்ஃப் என்றால் அந்த ரிப்போர்ட்டை டாக்டர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று பொருள். நான் விடுவதில்லை. "உங்க டாக்டர் யாருங்க?" என்று கேட்கிறேன். "டாக்டரெல்லாம் இல்லம்மா, சும்மா பாத்துக்கலாம்னு." "காய்ச்சல்னா யார்கிட்ட போவீங்க?" இந்தக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேரிடம் பதில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒருத்தர், அம்மாபேட்டையில் ஒருத்தர் என்று ஒரு பெயர் வந்துவிடும். "அவருக்கும் ஒரு காப்பி அனுப்பட்டுமா?" என்று சம்மதம் கேட்டு அந்தப் பெயரைக் கட்டத்தில் அடிக்கிறேன். வேண்டாம் என்பவர்களும் உண்டு. சர்க்கரை ஏறியது தெரிந்தால் மாம்பழ சீசனில் திட்டுவாராம். சேலத்துக்காரர்களிடம் அதற்கு மேல் வாதாட முடியாது.

எல்லா டாக்டரும் மலை டாக்டர் மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "சார் ஓபில இருக்கார், அப்புறம் பண்ணுங்க" என்று வைத்துவிடும் ரிசப்ஷன்கள் இருக்கின்றன. "ரிப்போர்ட்ல இருக்கில்ல, பேஷண்ட் வரும்போது பாத்துக்கறேன்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேஷண்ட் வரவே மாட்டார், நட்சத்திரம்தான் இல்லையே. எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. நாங்கள் கூப்பிட்டுச் சொல்கிறோம், அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. 17 வருடத்தில் நான் போன் பண்ணிய ரிசல்ட்டுகளில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை என் பதற்றம் மட்டும் என்று எனக்கே தெரியாது.

அப்பாவுக்கு இப்போது ஒரு கட்டம் போட்ட நோட்டு இருக்கிறது. என்ன மாத்திரை நின்றது, எது புதிது, எந்தத் தேதியில் என்ன எண் என்று அவரே எழுதுகிறார். கைத்தறிக் கணக்கு எழுதிய கையெழுத்து, அச்சு மாதிரி இருக்கும். மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்த்து எழுதச் சொல்லிக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகு மெடிக்கல்காரரையே குறுக்கு விசாரணை செய்கிறார்.

நாகலூர் ஆயாவுக்கு வலி மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டார் டாக்டர், நீர் மாத்திரையையும் கொஞ்ச நாளைக்கு. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆயா வரவில்லை. மூன்றாவது வாரமும் வரவில்லை. மகன் எண்ணுக்கு இரண்டு தடவை போட்டேன், எடுக்கவில்லை. நோட்டில் 1.1-க்குப் பக்கத்துக் கட்டம் காலியாகவே இருந்தது.

போன வியாழக்கிழமை மதியம், தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்து வாயில் ஒன்று போட்டிருந்தேன், மலை டாக்டர் எண்ணிலிருந்து போன். அவராகக் கூப்பிடுகிறார் என்றால் ரிப்போர்ட்டில் ஏதோ தப்பு என்று அவசரமாக முழுங்கிவிட்டு எடுத்தேன்.

"ஏம்மா, நாகலூர் ஆயா வேற வேலையா கீழ வந்தப்ப ஜிஹெச்லயே ரத்தம் குடுத்துட்டு வந்துருக்கு. சீட்டு இப்ப என் கைல இருக்கு. பாயிண்ட் எட்டு. நோட்டுல எழுதிக்க."

எழுதிவிட்டு, "பூஜ்யம் புள்ளி எட்டு" என்று திருப்பிச் சொன்னேன்.